வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு நம் மாவட்டத்திலேயே உதவி தேடுவது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பெற்றோருக்கு ஒரே கேள்விதான்: இனி எங்கே போவது? தமிழ்நாட்டில் இதற்கான உதவிகள் இருக்கின்றன. ஆனால் ஒரே கூரையின் கீழ் இல்லை. சிகிச்சை சுகாதாரத் துறையிடம், உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம், படிப்பு பள்ளிக்கல்வித் துறையிடம் என்று பிரிந்து கிடக்கின்றன. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்து, எந்த வாசலில் எதைக் கேட்க வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கிறேன்.

பையனுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிறார் மாமியார். பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவிலேயே செய்வார்கள். காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து நேராக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி. எங்கே?' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் 2013-க்குப் பிறகு வந்த மையங்கள் இவை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். குழந்தை மருத்துவர், பிஸியோ, ஸ்பீச், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அமைப்பு. எல்லா ஊரிலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்காது. ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லையென்றால் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறாரா என்று அவர்களிடமே கேளுங்கள்.

இங்கே சிகிச்சை தொடங்க எந்த அட்டையும் சான்றிதழும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பல குடும்பங்கள் 'ஐடி கார்டு வந்த பிறகு பார்க்கலாம்' என்று காத்திருந்தே மூன்று வயது, நான்கு வயதைக் கடந்துவிடுகின்றன. அட்டை அதன் போக்கில் வரட்டும், தெரபி இந்த வாரமே தொடங்கட்டும். என்ன குறைபாடு என்று உறுதியாகப் பெயர் சொல்லாத நிலையிலும் வளர்ச்சித் தாமதத்துக்குப் பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

சரி, மாவட்டத்தில் மொத்தம் எத்தனை இடத்தில் கேட்க வேண்டியிருக்கும்?

பெரும்பாலானவர்களுக்கு மூன்று இடம். ஒன்று மேலே சொன்ன டி.இ.ஐ.சி. இரண்டாவது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டை, உதவித்தொகை, சிறப்புச் சக்கர நாற்காலி எல்லாமே இங்கேதான். மூன்றாவது, உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையம். எல்லோரும் பி.ஆர்.சி. என்பார்கள், பெரும்பாலும் ஏதாவது அரசுப் பள்ளி வளாகத்துக்குள் இருக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களும் பிஸியோதெரபிஸ்டும் இங்கிருந்துதான் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போகிறார்கள்.

மாற்றுத்திறனாளி அலுவலகத்துக்குப் போனால் 'என்ன உதவி கிடைக்கும்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கூட்டத்தில் அதற்கு வரும் பதில் ஒரு விண்ணப்பப் படிவமாகத்தான் இருக்கும். இப்படிக் கேளுங்கள்: அரசு மானியத்தில் நடக்கும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் சிறப்புப் பள்ளிகளும் இந்த மாவட்டத்தில் எவை? மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையில் பதிவான தொண்டு நிறுவனம் எது? குறைபாட்டுச் சான்றிதழ் தரும் மருத்துவ முகாம் எந்தக் கிழமை, எந்த மருத்துவமனையில்? இந்த மூன்றுக்கும் அவர்களிடம் எழுத்தில் பட்டியல் இருக்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

உலக வங்கி நிதியுதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் அரசு திறந்துவருகிறது. தெரபியும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். உங்கள் பகுதியில் வந்துவிட்டதா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

சான்றிதழ் முகாமில் என்ன நடக்கும்? எப்படித் தயாராவது?

சற்று விரிவாகவே சொல்கிறேன். அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

காலையில் டோக்கன் வாங்கி, நெரிசலான நடையில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பீர்கள். இரைச்சல் தாங்காத ஆட்டிசக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழும். அதைப் பார்த்துக் கூச்சப்பட ஒன்றுமில்லை. செவிலியரிடம் சொல்லி, முறை வரும்வரை வெளியே மரத்தடியில் நில்லுங்கள். பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டம், தண்ணீர், மாற்று உடை எடுத்துப் போங்கள். பழைய மருத்துவக் குறிப்புகள் அனைத்தின் நகலும், ஆதாரும், பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கையில் இருக்கட்டும்.

உள்ளே உளவியலாளர் முதலில் பிள்ளையிடம் ஒரு மரப்பலகையைக் கொடுப்பார். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து வடிவக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் பொருத்த எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். பிறகு உங்களிடம் கேட்பார்: தானே சாப்பிடுவானா? சட்டைப் பித்தான் போடுவானா? கழிவறைக்குத் தனியாகப் போவானா? கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கி வருவானா?

இங்கேதான் பெற்றோர் பாசத்தில் பேசிவிடுகிறார்கள். "எல்லாம் பண்ணுவான் சார், கொஞ்சம் சொல்லணும், அவ்வளவுதான்" என்பார்கள். சட்டையைத் தலைவழியாகப் போட்டு, கையை நுழைத்து, பித்தானையும் போட்டுவிட்டது அம்மா என்பது அந்தப் பதிலில் மறைந்துபோகிறது. இந்தக் கேள்விகளிலிருந்து வரும் சமூக முதிர்ச்சி மதிப்பெண் 69-க்குள் இருந்தால் சான்றிதழில் 50 சதவீதமோ அதற்கு மேலோ வரும். 70 முதல் 84 வரை இருந்தால் 25 சதவீதம். பெரும்பாலான அரசு உதவிகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரு பித்தானும் ஒரு கடைச் சாமானும் எவ்வளவு தூரம் போகின்றன என்று பாருங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. யார் துணையும் இல்லாமல் முழுதாகத் தானே செய்கிறானா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். முந்தின நாள் இரவே, பிள்ளைக்கு எந்தெந்த வேலையில் கை கொடுக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. ஆட்டிசத்துக்கு வேறு அளவுகோல். அதிலும் கேள்விகள் உங்களிடம்தான் வரும்.

சிறு வயதில் தரும் சான்றிதழ் தற்காலிகமானது. எந்த வயதில் புதுப்பிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும். 18 வயதுக்குப் பிறகு தருவது நிரந்தரம்.

தேசிய அடையாள அட்டை, யுடிஐடி இரண்டும் வேண்டுமா?

மாற்றுத்திறனாளி அலுவலகம் தருவது அடையாள அட்டை. யுடிஐடி என்பது மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் தளத்தில் பதிந்து பெறும் தனித்துவ அட்டை, இந்தியா முழுவதும் செல்லும். இப்போது எல்லாத் திட்டத்துக்கும் யுடிஐடி எண்ணைத்தான் கேட்கிறார்கள். இ-சேவை மையத்திலோ போனிலோ பதியலாம். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே ஓர் எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

அட்டை வந்த பிறகு எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

முதலில் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுத்திறன் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, எந்தக் குறைபாடானாலும் 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாக இருந்தாலோ, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் இதுவும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. தெரபிக்கு வாரம் மூன்று முறை போய்வரும் வீட்டுக்கு இதுவே பெரிய மிச்சம். ரயிலில், துணையின்றிப் பயணிக்க முடியாத அறிவுத்திறன் குறைபாடுள்ளவருக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை உண்டு.

நிரமயா என்று ஒரு இன்சூரன்ஸ் சொல்கிறார்களே?

அவசியம் எடுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரிய மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, சேருமுன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. மற்ற இன்சூரன்ஸ்கள் ஒதுக்கும் தெரபிச் செலவும் வெளிநோயாளிச் செலவும் இதில் தனித்தனி உச்சவரம்போடு அடங்கும். பதிவான தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம். ஒரே சிரமம், முதலில் நம் கையிலிருந்து செலவழித்து, பில் அனுப்பித்தான் திரும்பப் பெற வேண்டும். தெரபி பில்லில் தேதி, என்ன பயிற்சி, தெரபிஸ்டின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று அன்றன்றைக்கே பாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

தெருவுக்கு ஒரு தெரபி சென்டர் வந்துவிட்டது. எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிறப்பாசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இது 1992-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின் விதி. பதிவு எண்ணைக் கேளுங்கள், கழகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பிஸியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் இந்தக் கழகத்தின் கீழ் வராது. அவர்களிடம் பட்டப்படிப்பைக் கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

அடுத்து, பயிற்சி நடக்கும்போது பெற்றோரை உள்ளே உட்கார விடுகிறார்களா? வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தெரபிஸ்ட் கையில் இருக்கும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் உங்களோடுதான் இருக்கிறான். சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் அதே பயிற்சியை எப்படித் தொடர்வது என்று சொல்லித்தராத சென்டர், கதவை மூடிக்கொண்டு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பாதி வேலைதான் செய்கிறது. மூன்று மாதத்தில் எதை எட்டப்போகிறோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 'பேச்சு வரவைப்போம்' என்பது இலக்கு ஆகாது. 'தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டிக் கேட்பான்' என்பது இலக்கு.

'ஆறு மாதத்தில் முழுக் குணம்' என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசி என்ற பெயரில் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அங்கே ஓடும் தாய்மார்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

பக்கத்துப் பள்ளியில் "இவனை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது, ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போங்க" என்கிறார்கள். என்ன செய்வது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுப்பதும் குடும்பத்தின் உரிமை. தலைமையாசிரியரோடு வாக்குவாதம் செய்யும் முன் பி.ஆர்.சி. சிறப்பாசிரியரை அழைத்துப் போங்கள். பல இடங்களில் தலைமையாசிரியருக்கு இருப்பது வெறுப்பு அல்ல, பயம். வாரம் ஒருநாள் ஒருவர் வந்து உதவுவார் என்று தெரிந்தால் இளகிவிடுகிறார்கள். அப்படியும் மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

எழுந்து நடமாட முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

கிராமத்தில் இருக்கிறோம். எல்லோரும் "சென்னைக்குப் போ" என்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

ஒருமுறை போய் வருவதில் பயன் உண்டு. முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனம் 2005 முதல் பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்காக இயங்குகிறது. எல்லாத் துறை நிபுணர்களும் சேர்ந்து மதிப்பிட்டு, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் இருக்கிறது. மூளை முடக்குவாதத்துக்குக் கோட்டூர்புரம் வித்யாசாகர் 1985 முதல் வேலை செய்கிறது. ஆனால் அங்கேயே வாடகைக்கு வீடெடுத்துத் தங்கி, அப்பா ஊரில், அம்மாவும் பிள்ளையும் சென்னையில் என்று குடும்பம் பிரிவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாதம் ஒருமுறை கிடைக்கும் மிகச் சிறந்த தெரபியைவிட, வாரம் மூன்று நாள் தவறாமல் நடக்கும் சுமாரான பயிற்சியும் வீட்டில் தினமும் அரை மணி நேரமும் பிள்ளையை அதிக தூரம் நகர்த்தும்.

கிராமத்திலேயே வேலை செய்ய முடியும் என்பதற்குத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடி சான்று. 1981-இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சமூகப் பணியாளர்களாக்கி, வீடு வீடாக ஆரம்பநிலைப் பயிற்சியைக் கொண்டுபோகிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

பெண்ணுக்கு 18 ஆகப்போகிறது. என்ன செய்ய வேண்டும்?

18 ஆன அன்றிலிருந்து சட்டத்தின் பார்வையில் நீங்கள் இயற்கைக் காப்பாளர் இல்லை. வங்கிக் கணக்கு, சொத்து, காப்பீடு எதிலும் அவளுக்காக நீங்கள் கையெழுத்திட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வரும் நான்கு குறைபாடுகளுக்கும், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். பெற்றோர் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். இந்தக் காப்பாளர் சான்றிதழை ஏற்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

நீங்கள் அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பிள்ளையின் பெயரையும் சான்றிதழையும் நீங்கள் இருக்கும்போதே ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிடுங்கள். இருவரும் போன பிறகு சித்தப்பாவோ அக்காவோ இதற்காக அலைவது பெரும்பாடு.

எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை. தேசிய அறக்கட்டளையின் கரோண்டா என்ற திட்டம் பெரியவர்களுக்கான குழு இல்லங்களுக்கு உதவுகிறது. தமிழக அரசும் 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கான இல்லங்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் வழியாக மானியம் தருகிறது. இடங்கள் குறைவு. ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அங்கிருப்பவர்களின் நகம், தலைமுடி, உடை எப்படி இருக்கின்றன, கழிவறைக் கதவுக்குத் தாழ் இருக்கிறதா, பெண்கள் பகுதியில் இரவில் யார் இருப்பார்கள் என்று பாருங்கள். பிள்ளைக்கு இருபது வயதாகும்போதே வருடத்துக்குச் சில நாள் வெளியே தங்கப் பழக்குங்கள். அம்மாவின் கையால் மட்டுமே சாப்பிட்டு நாற்பது வயதான ஒருவரைத் திடீரென ஓர் இல்லத்தில் விடுவதைவிடக் கொடுமை வேறில்லை.

எங்கே போனாலும் "நாளைக்கு வாங்க" என்கிறார்கள்.

வாய்வார்த்தையாகக் கேட்பதை நிறுத்தி எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால் அதற்கு எண் உண்டு, பதில் வந்தாக வேண்டும். அதற்கும் மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். விசாரணையில் அவருக்குச் சிவில் நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரங்கள் உண்டு. வக்கீல் தேவைப்பட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.

பிள்ளையைப் பார்த்துப் பார்த்து எனக்கே முடியவில்லை. எனக்கு யார் இருக்கிறார்கள்?

14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். அதைவிடப் பக்கத்தில், தெரபி அறைக்கு வெளியே உங்களைப் போலவே செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மற்ற அம்மாக்கள் இருக்கிறார்கள். போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த முகாம் எப்போது, எந்த டாக்டர் பொறுமையாகப் பேசுவார், எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

வேறு மாவட்டத்துக்குக் குடிபோகிறோம். எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

வேண்டாம். யுடிஐடி அப்படியே செல்லும், முகவரியை மட்டும் தளத்தில் மாற்றுங்கள். உதவித்தொகைக் கோப்பைப் புதிய மாவட்டத்துக்கு மாற்றக் கேட்டுப் பழைய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தெரபிஸ்டுகளிடம் கடைசியாகச் செய்த மதிப்பீட்டின் நகலையும், இப்போது எந்தப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊர் டி.இ.ஐ.சி.யில் அதைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.